டிகிரி வேண்டாம், ஒரு பேப்பர் போதும்

தாம்பரம் ரயில் பாதையில் படிப்புக்குப் பஞ்சமில்லை. தெற்கே பொத்தேரியில் எஸ்.ஆர்.எம்., வண்டலூரில் கிரசென்ட். தாம்பரத்தில் இறங்கினால் 1937-ல் பாரிமுனையை விட்டு இங்கே குடிவந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, கொஞ்சம் தள்ளி சேலையூரில் பாரத். குரோம்பேட்டையில் 1949-ல் சி.ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி., பல்லாவரத்தில் வேல்ஸ். கிண்டியில் இறங்கினால் அண்ணா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் பக்கம். அடுத்த ஸ்டேஷனான சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

இவற்றில் ஏதாவது ஒன்றின் அட்மிஷன் கவுன்ட்டருக்குப் போய், “எனக்கு டிகிரி வேண்டாம் சார், பி.காம். ஏற்கெனவே முடிச்சுட்டேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல ஒரே ஒரு பேப்பர் மட்டும் படிக்கணும். சாயங்காலத்துல வர்றேன், பரீட்சை எழுதுறேன், அதுக்கு உண்டான பணத்தைக் கட்டிடுறேன்” என்று கேட்டால், “எந்த கோர்ஸ்?” என்று திருப்பிக் கேட்பார்கள். விளக்கிச் சொன்னால், கரஸ்ல எம்.எஸ்சி. சேரச் சொல்வார்கள். மத்தியான மீல்ஸ் டோக்கன் மட்டும் விற்கும் ஓட்டலில் ஒரு கிண்ணம் ரசம் கேட்ட கதைதான்.

காரணம் நம் பல்கலைக்கழகங்கள் கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. இங்கே மாணவர் என்றால் ஒரு படிப்புத் திட்டத்தில் சேர்ந்து, பதிவெண் வாங்கியவர். பதிவெண் இருந்தால்தான் வருகைப் பதிவேட்டில் பெயர், ஹால் டிக்கெட், மார்க் ஷீட் எல்லாம். அந்தப் பதிவெண்ணோ படிப்புத் திட்டத்துக்குத்தான் உண்டு, தனிப் பாடத்துக்குக் கிடையாது. இணைப்புக் கல்லூரி என்றால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டமும் வினாத்தாளும் அதன் கையில் இருந்தாலும், பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம். ஆகவே ஒரு கல்லூரி தன் விருப்பத்துக்கு நடத்தும் குறுகியகாலச் சான்றிதழ் வகுப்பு அந்தக் கல்லூரியின் சான்றிதழாகவே நிற்கும். அதைப் பல்கலைக்கழக மதிப்பெண்ணாக யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சேரும் முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

உலகம் முழுக்க இப்படியில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1910-லிருந்தே ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற பெயரில், ஊர்க்காரர்கள் பட்டத்துக்குச் சேராமலே ஒன்றிரண்டு பாடம் படிக்க வழி வைத்திருக்கிறது. நம் நாட்டிலும் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் ‘புரொஃபிஷியன்ஸ்’ என்ற பெயரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரப் பாடங்களைத் தனித்தனியாக நடத்திவருகிறது. டெல்லி ஜே.என்.யு., மும்பை ஐ.ஐ.டி. போன்ற சில மத்திய நிறுவனங்களின் விதிகளில் ‘கேஷுவல் ஸ்டூடன்ட்’ என்று ஒரு பிரிவு உண்டு. ஆனால் தாம்பரத்தில் வீடும், சானடோரியம் மெப்ஸிலோ கிண்டி தொழிற்பேட்டையிலோ வேலையும் உள்ள ஒருவருக்கு மும்பையும் டெல்லியும் என்ன செய்யும்?

அவருக்கு உண்மையிலேயே திறந்திருக்கும் கதவு ஒன்று உண்டு. அதை நடத்துவதில் முன்னே நிற்பது கிண்டி பக்கத்திலிருக்கும் அதே சென்னை ஐ.ஐ.டி.தான். என்பிடெல் என்று காலேஜ் பிள்ளைகள் சொல்லும் திட்டம் அது. 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து, வகுப்புகளை வீடியோ எடுத்து இலவசமாகப் போடுவதற்காகத் தொடங்கின. 2014 வாக்கில் அதோடு பரீட்சையும் சான்றிதழும் சேர்ந்தன. 2017 ஜூலையில் மத்திய அரசு ஸ்வயம் என்ற பொதுத் தளத்தைத் திறந்தபோது என்பிடெல் பாடங்களும் அதற்குள் வந்துவிட்டன.

இதில் சேர என்ன தகுதி வேண்டும்? ஒரு மின்னஞ்சல் முகவரி. வயது, பழைய மார்க், கட் ஆஃப், டி.சி. எதுவும் கேட்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரும் சேரலாம். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பை நிறுத்தி, பிள்ளைகளை வளர்த்துவிட்டு இப்போது மூச்சுவிட நேரம் கிடைத்தவரும் சேரலாம். பாடங்கள் 4, 8, 12 வார அளவுகளில் இருக்கும். வீடியோ நேரம் முறையே சுமார் 10, 20, 30 மணி. பொறியியல்தான் அதிகம். ஆனால் பொருளாதாரம், உளவியல், இலக்கியம், தத்துவம், ஏன் ஜெர்மன் மொழிகூட இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பல பாடங்களின் உரையைத் தமிழில் மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். படிக்கக் கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் கைகொடுக்கும்.

பாடம் நடத்துபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைத்தானில் புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ் சொல்லித்தரும் எட்டு வாரப் பாடம் ஒன்று வெகு பிரபலம். அதை நடத்தும் மாதவன் முகுந்த், நம் சிறுசேரி சிப்காட்டில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர். அங்கே இடம் கிடைக்க நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் நுழைவுத்தேர்வு எழுதுகிறார்கள். அவருடைய பாடம் உங்கள் போனில் இலவசம். சான்றிதழ் வேண்டாம், கேட்டால் போதும் என்பவர்களுக்கு சென்னை ஐ.ஐ.டி.யில் இயற்பியல் பேராசிரியராக இருந்த வி.பாலகிருஷ்ணனின் பழைய வீடியோக்களைச் சிபாரிசு செய்வேன். கரும்பலகையும் சாக்பீஸும்தான் இருக்கும், ஆனால் எழுந்து போக மனம் வராது.

இனி நடைமுறை. ஆண்டுக்கு இரண்டு பருவம்: ஜனவரி–ஏப்ரல், ஜூலை–அக்டோபர். பாடத்தில் சேர்வது, வீடியோ பார்ப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் இலவசம். பரீட்சைக்கு மட்டும் பணம். ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் என்ற அளவில் வெகுநாளாக இருந்துவருகிறது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சலுகை உண்டு. அந்தப் பருவத்துக்கு என்ன தொகை என்பதைப் பதிவின்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வாரமும் ஓர் அசைன்மென்ட் வரும். அதற்குக் கெடு உண்டு, பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. கெடு தாண்டினால் தாண்டியதுதான், கெஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாதகமாக ஒரு விதி இருக்கிறது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், 8 வாரப் பாடத்தில் 6, 4 வாரப் பாடத்தில் 3. ஆடிட் மாதத்தில் இரண்டு வாரம் கோட்டைவிட்டாலும் படிப்பு கையைவிட்டுப் போகாது. அசைன்மென்ட்டுக்கு 25, கடைசிப் பரீட்சைக்கு 75. தேற வேண்டுமானால் அசைன்மென்ட்டில் 25-க்குக் குறைந்தது 10, பரீட்சையில் 75-க்குக் குறைந்தது 30, இரண்டையும் தனித்தனியே எடுக்க வேண்டும். 60-ஐ எட்டினால் சான்றிதழில் ‘எலைட்’ என்று போடுவார்கள், 75-ஐ எட்டினால் வெள்ளி, 90-ஐ எட்டினால் தங்கம். புரோகிராமிங் பாடங்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அதைப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

பரீட்சையை வீட்டிலிருந்து எழுத முடியாது. தேர்வு மையத்துக்கு நேரில் போய், அங்குள்ள கம்ப்யூட்டரில், மூன்று மணி நேரம் எழுத வேண்டும். பெரும்பாலும் சனி, ஞாயிறு. இந்தத் திட்டத்தின் மரியாதையே இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வீட்டில் உட்கார்ந்து பட்டனைத் தட்டி வாங்கும் சான்றிதழ்கள் இன்று தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன, இன்டர்வியூவில் அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போய் எழுதிய பரீட்சை என்றால் கேட்பவர் கொஞ்சம் நிமிர்கிறார். உங்களைச் சுற்றி இருபது வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்; எலக்டிவ் பேப்பருக்குப் பதிலாக என்பிடெல் பாடம் எடுத்த இன்ஜினியரிங் மாணவர்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கு உங்களைப் பார்க்க நேரமிருக்காது.

பலரும் சறுக்கும் இடம் வேறு. ஸ்வயத்தில் பாடத்தில் சேர்ந்துவிட்டால் பரீட்சைக்கும் பெயர் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. பரீட்சைக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கெடு. பாடம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கெடு வந்துபோய்விடும். காலேஜ் மாணவர்களுக்கு நினைவூட்ட அவர்கள் கல்லூரியிலேயே என்பிடெல் பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார். வெளியாள் நமக்கு மின்னஞ்சல்தான் துணை. பாடத்தில் சேரும்போது, தினமும் திறந்து பார்க்கும் முகவரியைக் கொடுங்கள், எப்போதோ தொடங்கிக் கடவுச்சொல் மறந்துபோனதைக் கொடுக்காதீர்கள். தவறினால் அரியர் வசதியும் கிடையாது. அடுத்த முறை அந்தப் பாடம் வரும்வரை காத்திருந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி பணம் கட்ட வேண்டும்.

முதல் முறை சேர்பவர்கள் ஒரே ஒரு எட்டு வாரப் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இலவசமாயிற்றே என்று ஐந்து பாடத்தில் சேர்ந்து ஒன்றையும் முடிக்காதவர்களே அதிகம். வாரத்துக்கு இரண்டரை மணி நேர வீடியோ என்றால், நோட்ஸ் எடுத்து அசைன்மென்ட்டும் போட ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். தாம்பரத்திலிருந்து பீச் வரை போய் வருகிறவருக்கு ரயிலிலேயே தினமும் சுமார் இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஆனால் உட்கார இடம் கிடைத்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே வீடியோவை இறக்கி வைத்துக்கொள்வது உத்தமம். வீட்டில் இடநெருக்கடி என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து படிக்கலாம், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் தனிப் பகுதி உண்டு.

சரி, இந்தச் சான்றிதழை வைத்து என்ன செய்வது? இங்கேதான் ‘கிரெடிட்’ வருகிறது. பொதுவாக 4 வாரப் பாடத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட் என்று கணக்கு. 2021 ஜூலையில் யு.ஜி.சி. ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. சுருக்கமாக ஏ.பி.சி. என்பார்கள். டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் கொண்டு கணக்கு தொடங்கினால், வெவ்வேறு இடத்தில் படித்த கிரெடிட்டுகளை அங்கே சேர்த்துவைக்கலாம். பின்னாளில் ஒரு பட்டப்படிப்பில் சேரும்போது அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது எண்ணம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேமித்த கிரெடிட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டுதான் ஆயுள். பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். ஸ்வயம் பாடங்களைப் பொறுத்தவரை, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை பல்கலைக்கழகம் ஏற்கலாம் என்று 2021 விதி சொல்கிறது. 2016 விதியில் அது 20 சதவீதமாக இருந்தது. ‘வரை’, ‘ஏற்கலாம்’ என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். எந்தப் பாடத்தை ஏற்பது என்பது நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் கையில். நீங்கள் படித்தது அவர்கள் பாடத்திட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்று சொன்னால் மேல்முறையீடு செய்ய இடமில்லை. போதாததற்கு, ஏ.பி.சி. என்பது தேசியக் கல்விக் கொள்கையின் பிள்ளை. அந்தக் கொள்கைக்கும் தமிழ்நாட்டு அரசுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. ஆகவே கிரெடிட் சேர்த்துச் சேர்த்து ஒருநாள் டிகிரியாக மாற்றிவிடலாம் என்ற கணக்கில் இதைத் தொடங்காதீர்கள். பாடத்துக்காகப் படியுங்கள்; கிரெடிட் உதவினால் லாபம்.

அரசு வேலைக்கு இது உதவுமா என்று கேட்பவர்களுக்கு: பல பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்பது பட்டம். தனிப் பாடச் சான்றிதழ் எத்தனை வைத்திருந்தாலும் அது பட்டத்துக்கு ஈடாகாது. தனியார் வேலையில், ஏற்கெனவே ஒரு பட்டமும் வேலையும் இருக்கிறவருக்கு, துறை மாற நினைக்கிறவருக்கு, இது நன்றாகவே உதவும். தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் இருப்பவர் டேட்டா அனலிட்டிக்ஸ் பாடம் ஒன்றைப் பரீட்சையோடு முடித்திருந்தால் அப்ரைசலில் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

வேறு வழிகளும் உண்டு. பரீட்சையோ சான்றிதழோ வேண்டாம், வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றால் நேராகத் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதலாம். நீங்கள் யார், எந்தப் பாடம், ஏன், வாரத்தில் எந்த நாள் என்று நாலு வரி போதும். விதியில் இதற்கு இடமில்லை என்பதால் அலுவலகத்தில் கேட்டால் முடியாது என்றுதான் சொல்வார்கள். பாடம் எடுக்கும் ஆசிரியர் மனதுவைத்தால் பின்பெஞ்சில் இடம் கிடைக்கலாம். முதுகலை வகுப்புகளில் வாய்ப்பு அதிகம், அங்கே பிள்ளைகளே குறைவு. கிடைக்காவிட்டாலும், தரமணி கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரி கணிதவியல் கழகம் போன்ற இடங்களில் நடக்கும் பொதுச் சொற்பொழிவுகளுக்கு யாரும் அட்மிஷன் கேட்பதில்லை.

நேர் வகுப்பு வேண்டாம், ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் முத்திரை வேண்டும் என்றால் சைதாப்பேட்டை திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ், பட்டயப் படிப்புகளைப் பார்க்கலாம். 2002-ல் சட்டமியற்றி அமைத்த மாநிலப் பல்கலைக்கழகம் அது. தனிப் பேப்பர் அங்கேயும் கிடையாது. ஆனால் சில மாதங்களில் அல்லது ஓர் ஆண்டில் முடியும் சிறு படிப்பு, ஒற்றைப் பேப்பருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. தமிழையே முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. 2001-ல் வெளிநாட்டுத் தமிழர்களை மனதில் வைத்துத் தொடங்கினாலும் அதன் பாடங்களை இணையத்தில் யாரும் படிக்கலாம்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது பட்டப்படிப்புதான், ஆனாலும் நம் விஷயத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித்தேர்வு எழுதினால் சேரலாம். எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டணம். ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு பாடம் மட்டும் எடுக்கலாம். அடித்தளப் பகுதியோடு நிறுத்தினால் ஒரு சான்றிதழ், மேலே போனால் டிப்ளமோ என்று படிப்படியாக இறங்கும் வழியும் வைத்திருக்கிறார்கள். டிகிரி வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் தீர்மானிக்காதவருக்கு இது பொருந்தும். ஆனால் கணக்கு விஷயத்தில் அவர்கள் தயவு காட்டுவதில்லை, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை மறந்தவர்கள் முதலில் அதைத் தூசிதட்டிக்கொள்ளட்டும்.

மாடிப்படி ஓரத்திலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்கும் ‘ஒரே சிட்டிங்கில் டிகிரி’ விளம்பரங்களின் பக்கம் போகவே போகாதீர்கள். தொலைநிலை, இணையவழிப் படிப்பு எதுவானாலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை அந்த ஆண்டில் நடத்த அனுமதி உண்டா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யு.ஜி.சி.யே வெளியிடுகிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உள்ள தொல்லை: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கிடக்கும். பரீட்சை விண்ணப்பத்தில் நீங்கள் அடிக்கும் பெயர்தான் சான்றிதழில் வரும். ஏ.பி.சி. கணக்கோ ஆதாரில் உள்ள பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கிரெடிட் கணக்கில் ஏறாமல் தொங்கும். ஹால் டிக்கெட்டில் ஒரு பெயரும் கையிலுள்ள அட்டையில் இன்னொரு பெயருமாக இருந்தால் தேர்வு மைய வாசலில் விவாதம் நடக்கும். ஜனவரிப் பருவத்துக்கு நவம்பர், டிசம்பரிலும், ஜூலைப் பருவத்துக்கு மே, ஜூனிலும் பாடப் பட்டியல் வந்துவிடும். ஆதாரில் பெயரைத் திருத்த வேண்டுமானால் அதற்கு முன்பே இ-சேவை மையத்துக்குப் போய்வந்துவிடுங்கள்.